எடை குறைப்புச் சத்திரசிகிச்சையும் தொங்கும் தோலும்: திருமலையிலிருந்து ஒரு காசுக் கணக்கு

"எவ்வளவு முடிஞ்சது அக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒருத்தி, பாரைக்கு விலை பேசிக்கொண்டு நிற்கும்போது இன்னொருத்தி, வங்கி வரிசையில் முன்பின் தெரியாத ஒரு தம்பி. நோகுமா, பயமில்லையா என்று கேட்டவர்கள் குறைவு. சரி, காசுதான் கேள்வி என்றால் காசையே பேசுவோம்.

ஒரு தொகையைச் சொல்லிவிட்டு நான் போய்விடலாம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. இரைப்பையை வெட்டி அடைக்கும் ஸ்டேப்ளரும் அதன் கார்ட்ரிட்ஜுகளும் வெளிநாட்டிலிருந்து வருபவை, டொலர் ஏறினால் அவையும் ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். அதற்கு முன் கேட்டு வைத்த விலைகள் எல்லாம் வெறும் கடதாசியாகிவிட்டன. அதனால் என் கணக்கை நகையில் சொல்கிறேன். அரச வைத்தியசாலையில் "இலவசமாக" செய்த முதல் சத்திரசிகிச்சைக்கு (எடை குறைக்க இரைப்பையில் செய்தது) ஒரு சங்கிலி ஈட்டுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்துத் தனியாரில் தோல் வெட்டியதற்கு இரண்டு காப்பும், ஒரு சீட்டும், கனடாவில் இருக்கும் தம்பியும்.

இரண்டாவது ஒன்று வரும் என்று முதலாவதுக்குப் போகும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி

சிரிக்க வேண்டாம். கொஞ்சம் தடித்த சீ.ஆர். கொப்பியாக வாங்குங்கள். இடது பக்கம் செலவு, பஸ் காசு உட்பட. வலது பக்கம் எந்தத் திகதியில் யார் என்ன சொன்னார்கள் என்பது. முன்பின்னாக மூன்று வருடம் இழுபடும் காரியம் இது, வாயால் சொன்னதையெல்லாம் அவ்வளவு காலம் மண்டைக்குள் வைத்திருக்க முடியாது, அதுவும் இரண்டு தடவை மயக்க மருந்து ஏறி இறங்கிய மண்டைக்குள். பற்றுச்சீட்டுகளை அதன் பின் அட்டையில் ஒரு உறை ஒட்டி அதற்குள் போடுங்கள். வெப்பத்தில் எழுத்து மறையும் அந்த வழுவழுப்பான பற்றுச்சீட்டுகளை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். நம்மூர் வெயிலுக்கு ஆறு மாதத்தில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

நீங்கள் சத்திரசிகிச்சைக்குத் தகுதியா என்று பாருங்கள்

உயரத்துக்கு நிறை எவ்வளவு கூட என்று காட்டும் பீ.எம்.ஐ. கணக்கை வீட்டிலேயே போடலாம். நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, நிறையை உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். நான் 112 கிலோ, 1.58 மீற்றர். கிட்டத்தட்ட 45 வந்தது. 1991இலிருந்து உலகம் முழுக்கப் பாவித்த அளவு 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கூடவே சீனி, பிரஷர், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது மாதிரி ஏதாவது இருக்க வேண்டும் என்பது. 2022இல் சர்வதேச சத்திரசிகிச்சைச் சங்கங்கள் இதைத் தளர்த்தின: 35க்கு மேல் என்றால் வேறு வருத்தம் இல்லாவிட்டாலும் பரிசீலிக்கலாம், 30க்கு மேல் என்றால் சீனி போன்ற வருத்தத்தோடு சேர்த்துப் பார்க்கலாம், ஆசிய மக்களுக்கு 27.5இலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். இதில் காசு எங்கே வருகிறது என்றால், டொக்டர் புது அளவில் பார்த்தாலும் காப்புறுதிக்காரர் பழைய அளவைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

தொடங்கும் இடம் கொழும்பு என்று நினைத்துக்கொண்டு நேரே ஒரு பெரிய டொக்டரைச் சனல் பண்ணிவிடாதீர்கள். திருகோணமலை பொது வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்கில் பெயர் பதிந்து, மூன்று மாதச் சராசரிச் சீனி, தைரொயிட், கொழுப்பு, ஈரல் ஸ்கேன் என்று எதெல்லாம் அங்கே முடியுமோ அதையெல்லாம் அங்கேயே முடியுங்கள். கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு தடவையும் நிறையை எழுதச் சொல்லிக் கேளுங்கள். பல வருடமாக இந்த எடையோடு இருக்கிறீர்கள், சாப்பாட்டுக் கட்டுப்பாடு முயன்று பார்த்திருக்கிறீர்கள் என்பதற்கு நாளைக்கு வேறு சாட்சி கிடையாது. நான் இதைச் செய்யாமல் தனியாரில் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு போனேன், அங்கே பாதியைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் கேட்பீர்கள், ஒசெம்பிக், மவுன்ஜாரோ என்று. சிலருக்கு அது போதும், சத்திரசிகிச்சையே தேவைப்படாது. ஆனால் மாதாமாதம் போகும் செலவு அது. ஒசெம்பிக்கில் இருக்கும் செமாகுளூட்டைட் மருந்து ஊசியை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்துக்குள் திரும்பியிருந்தது. எத்தனை வருடத்துக்குப் போடப்போகிறீர்கள் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அரசா, தனியாரா

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை. களுபோவிலையில் இருக்கும் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை, கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற இடங்களில் இது நடக்கிறது. திருமலைக் கிளினிக்கிலிருந்து கடிதத்தோடு போனால் கதவு திறக்கும். காத்திருக்க வேண்டும், அது உண்மை. ஆனால் காத்திருக்கும் காலத்தை வீண் காலமாக நினைக்காதீர்கள். அந்த மாதங்களில்தான் சாப்பாட்டு ஆலோசகரைப் பார்ப்பது, மனநல டொக்டரைப் பார்ப்பது, கமரா விட்டு வயிற்றைப் பார்ப்பது எல்லாம் நடக்கும், தனியாரில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பில்.

இலவசம் என்ற சொல்லுக்குள் மறைந்திருப்பது பயணம். இங்கிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர் வரும். கிளினிக் காலையில் தொடங்குவதால் முதல்நாள் இரவே கந்தளாய், ஹபரணை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும், அவருக்கும் அன்றைய சம்பளம் போகும். சத்திரசிகிச்சைக்கு முன் நான் ஏழு தடவை போனேன். இரண்டாவது தடவையிலேயே ஒரு விஷயம் விளங்கியது: "ஒரே நாளில் இரண்டு கிளினிக் போட்டுத் தர முடியுமா, திருகோணமலையிலிருந்து வருகிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் தாதி மிஸ்மார் ஏதாவது செய்து தருவார்கள். கேட்காவிட்டால் உங்கள் முகத்தைப் பார்த்து யாருக்கும் தூரம் தெரியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சில பொருட்களை வெளியில் வாங்கி வரச் சொல்வதும் நடக்கிறது, அதற்கும் கையில் கொஞ்சம் இருக்கட்டும். சங்கிலி போன வழி இதுதான்: பஸ், வெள்ளவத்தையில் தங்கிய அறை, வெளியில் வாங்கிய மருந்து, வரும்போது பிடித்த வான்.

வானைப் பற்றி ஒரு வார்த்தை. சத்திரசிகிச்சை முடிந்து ஏழெட்டு மணித்தியாலம் பஸ்ஸில் கால் மடக்கி உட்கார்ந்து வருவது ஆபத்து, காலில் இரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போகலாம். வான் பிடித்தாலும் மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். டொக்டர் போகலாம் என்று சொல்லும் வரை கொழும்பிலேயே கிடங்கள், அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

தனியாரில் விலை கேட்கும் விதம்

தொலைபேசியில் ஒரு தொகை சொல்வார்கள். அதை நம்பி நகைக்கடைக்குப் போகாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ, திகதியும் எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதும் இருக்க வேண்டும். பிறகு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

சத்திரசிகிச்சை செய்யும் டொக்டரின் கட்டணம் இந்தத் தொகைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? மயக்க மருந்து டொக்டருக்கு? தியேட்டர் கட்டணம் மணித்தியாலக் கணக்கா, மொத்தமா? ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவது) செய்தால் எத்தனை கார்ட்ரிட்ஜ் சேர்த்திருக்கிறீர்கள், கூடுதலாகப் போனால் ஒன்றுக்கு எவ்வளவு? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் பில் ஏறும் இடங்களில் முக்கியமானது அதுதான், இரைப்பை பெரிதாக இருந்தால் ஐந்து, ஆறு என்று போகும். அறை எத்தனை இரவுக்கு? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு இரவு வைக்க வேண்டி வந்தால் எவ்வளவு? முன் பரிசோதனைகள் உள்ளேயா? இரத்தம் கட்டாமல் போடும் ஊசி, காலுறை? சத்திரசிகிச்சைக்குப் பிறகு எத்தனை தடவை இலவசமாகப் பார்ப்பீர்கள்? வரி சேர்த்த தொகையா?

கடைசிக் கேள்விதான் எல்லோரும் கேட்க வெட்கப்படுவது: தைத்த இடத்தில் கசிவு வந்து 30 நாளுக்குள் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோனால் அந்தக் காசு யாருடையது? அபசகுனமாக நினைக்காதீர்கள். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் முதல் பில்லை விட அது பெரிதாகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, வயிற்று வலி, இடது தோள் வலி என்று ஏதாவது வந்தால் கொழும்புக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்காமல் 1990ஐ அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ், நேரே பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். கையில் சத்திரசிகிச்சைக் குறிப்பு இருக்க வேண்டும். "என்ன செய்தார்கள்" என்று கேட்டால் "வயித்தில ஒப்பரேஷன்" என்று மட்டும் சொல்லும் நோயாளியை வைத்துக்கொண்டு டொக்டர்கள் என்ன செய்ய?

எந்தச் சத்திரசிகிச்சை என்பதை டொக்டர்தான் முடிவெடுப்பார். ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், பைபாஸில் சிறிய பையொன்று செய்து குடலோடு நேரே இணைப்பார்கள். கடுமையான நெஞ்செரிவு இருப்பவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டலாம், அதனால் மலிவு என்று பார்த்து அதைக் கேட்டு வாங்காதீர்கள். பலூன் என்று ஒன்று போடுகிறார்களே, பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடை திரும்பும் வாய்ப்பு அதிகம். என் அபிப்பிராயத்தில் கடன் பட்டுச் செய்ய வேண்டிய காரியம் அது இல்லை.

காசு எங்கிருந்து

காப்புறுதி இருந்தால் முதலில் ஒப்பந்தப் புத்தகத்தில் "உள்ளடங்காதவை" என்ற பக்கத்தைத் திறவுங்கள். முகப்பில் சிரிக்கும் குடும்பப் படத்தில் உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான். "உடற்பருமன் அல்லது எடைக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை", "அழகு சார்ந்த சத்திரசிகிச்சை", "முன்பே இருந்த நோய்" ஆகிய மூன்றையும் தேடுங்கள். முதலாவது இருந்தால் ஸ்லீவுக்குக் கிடைப்பது கஷ்டம், இரண்டாவது இருந்தால் தோலுக்குக் கஷ்டம். இருந்தாலும் கேளுங்கள், வாயால் இல்லை, கடிதத்தால். சீனியையும் தூக்க மூச்சுத் தடையையும் கட்டுப்படுத்தவே இந்தச் சத்திரசிகிச்சை தேவை என்று டொக்டர் எழுதிய கடிதத்தை இணைத்து, சத்திரசிகிச்சைக்கு முன்பே அனுமதி கேளுங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும். பித்தப்பை என்று பெயர் மாற்றி எழுதி எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், பிடிபட்டால் இதுவும் போய் நாளைய இருதய வருத்தத்துக்கான காப்புறுதியும் போய்விடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தோல் சத்திரசிகிச்சைக்கு "பார்க்கலாம் மிஸ், அனுப்புங்க" என்று முகவர் சொன்னதை நம்பிக் காசைக் கட்டிவிட்டு அனுப்பினேன், ஒரே வரியில் மறுத்துக் கடிதம் வந்தது. முகவர் சொன்ன "பார்க்கலாம்" எங்கேயும் எழுத்தில் இல்லை. மறுப்பு வந்தால் எந்த வாசகத்தின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், அதற்கும் மேல் நியாயம் இருக்கிறது என்று தோன்றினால் முறைப்பாட்டை விசாரிக்கும் காப்புறுதி ஒம்பட்ஸ்மனிடம் போகலாம்.

அரச ஊழியருக்கு அக்ரஹார இருக்கிறது, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது, சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுவது. உங்கள் காரியாலயத்தில் அதைப் பார்க்கும் எழுதுவினைஞரிடம் படிவத்தை வாங்குங்கள், உரிமைக்கோரலுக்கு நாள் கெடு உண்டு, வீட்டுக்கு வந்து படுத்திருக்கும்போது அந்த நாள் ஓடிவிடும். மனிசனையோ மகளையோ இதற்கென்று நியமித்துவிட்டுத் தியேட்டருக்குப் போங்கள்.

தனியார் துறையில் வேலை செய்பவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி. 10 வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 லட்சம் ரூபாயும் இருந்தால், 30 சதவீதம் வரை வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ முன்கூட்டியே எடுக்க ஏற்பாடு இருக்கிறது. மருத்துவம் என்றாலும் வரையறுத்த சிகிச்சைகளுக்குத்தான், அதனால் தொழில் திணைக்களக் காரியாலயத்தில் டொக்டரின் கடிதத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். வயதான காலத்துக் காசு அது, நான் என்றால் கடைசியாகத்தான் தொடுவேன்.

மருத்துவ உதவி கேட்டு ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகம் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். நகரத்துக்காரருக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம், கிண்ணியா, மூதூர்க்காரருக்கு அவரவர் செயலகம். வருமான வரையறை உண்டு, இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்றவைதான் அங்கே முன்னுக்கு நிற்கும். கேட்டுப் பாருங்கள், ஆனால் அதை நம்பித் திகதி எடுக்காதீர்கள்.

மிஞ்சுவது ஈடும் சீட்டும் உறவும். நகையை வங்கியில் மட்டும் ஈடு வையுங்கள், தெருமுனைக் கடை அவசரத்துக்குக் கூடுதலாகத் தரும், வட்டி அதை விழுங்கும். வருடம் முடிந்ததும் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கும் திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பால் எழுதுங்கள். சீட்டு என்றால், எடுக்கும் மாதத்தைச் சத்திரசிகிச்சைத் திகதிக்கு இரண்டு மாதம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியசாலைத் திகதி தள்ளிப் போகும், சீட்டுக்காரி தள்ள மாட்டாள். வெளிநாட்டுத் தம்பிமார் அனுப்பினால் வங்கி வழியாகவே வரட்டும், காசு வந்த தடம் உங்கள் கையில் இருக்கும். என் அம்மா முதலில் "உனக்கென்ன விசரா பிள்ளை, காசைக் குடுத்து வயித்தை வெட்டுறதுக்கு?" என்று கத்தினார், பிறகு அந்தச் சங்கிலியைக் கழற்றித் தந்ததும் அவர்தான்.

சென்னைக்குப் போகலாமா

போகலாம், பலர் போகிறார்கள், மொழிப் பிரச்சினையும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு நேரே விமானம் இருப்பதால் கட்டுநாயக்கவுக்கு ஓடத் தேவையில்லை. இந்தியாவின் மருத்துவ இ-விசாவோடு உதவிக்கு இரண்டு பேர் வரை துணை விசா எடுக்கலாம். ஆனால் அங்கே சொல்லும் தொகுப்பு விலையோடு இரண்டு பேரின் விமானம், விசா, தங்குமிடம், நாணய மாற்று எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டிய பிறகு, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருடம் முடிய என்று பார்ப்பது யார் என்று கேளுங்கள். இங்கே ஒரு டொக்டர் அதற்குச் சம்மதித்த பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். இந்தியாவில் குடியிருப்பவர்களுக்குக் கதை வேறு, அங்கே காப்புறுதி விதியே பீ.எம்.ஐ. 40, அல்லது கடும் வருத்தங்களோடு 35 என்று எழுதி வைத்திருக்கிறது. நமக்கு அது பொருந்தாது.

பில்லில் வராதவை

விற்றமின் வாழ்நாள் முழுக்க: பல விற்றமின் மாத்திரை, கல்சியம், விற்றமின் டி, இரும்பு, பி12. சில மாதத்துக்கு அசிட் குறைக்கும் மாத்திரை, சிலருக்குப் பித்தக்கல் வராமல் ஆறு மாதத்துக்கு ஒன்று. கிளினிக்கில் கிடைப்பதை அங்கேயே எடுங்கள், மீதியை அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விலை பாருங்கள். ஒரு மாதச் செலவை 12ஆல் பெருக்கி எழுதி வைத்துவிட்டு, அதைக் கட்ட முடியுமா என்று பார்த்த பிறகுதான் சத்திரசிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். காசில்லை என்று மாத்திரையை விட்டவர்களுக்கு நரம்பு விறைத்து, தலைமயிர் கொட்டி, இரத்தம் குறைந்து வேறொரு பில் வரும். வருடத்துக்கு ஒரு தடவையாவது இரத்தப் பரிசோதனையும் இருக்கிறது.

புரத மா டப்பா விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். முதல் சில வாரம் திரவம் மட்டும் குடிக்கும்போது அது உதவும், மறுக்கவில்லை. அதன் பிறகு நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20. கடற்கரை ஊரில் இருந்துகொண்டு நாம் ஏன் டப்பாவுக்குக் கொட்ட வேண்டும்? காலையில் முட்டை, மத்தியானம் மீன், பின்னேரம் கிண்ணியாத் தயிர் இரண்டு கரண்டி, பருப்பு. பிட்டு கடைசியில், வயிற்றில் இடமிருந்தால். இடமிருக்காது.

வேலைக்குப் போகாத நாட்கள் பெரிய செலவு. காரியாலய வேலை என்றால் இரண்டு மூன்று வாரம், தோணி தள்ளுபவர், மூட்டை தூக்குபவர் என்றால் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. உடுப்பும் அப்படித்தான், மூன்று மாதத்துக்கு ஒரு அளவு. புதிது தைக்காதீர்கள், பழையதைச் சிறிதாக்குங்கள்.

இனித் தோல்

112இலிருந்து 78க்கு வந்தேன், ஒன்றரை வருடத்துக்கு மேல் எடுத்தது. ஊரே "மெலிஞ்சிட்டியள்" என்று சொல்லிக்கொண்டிருக்க, சேலைக்குள் தொங்கிய வயிற்றுத் தோலை ஒரு துணிப்பட்டியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த மடிப்புக்குள் வேர்த்து, சிவந்து, தோல் உரிந்து, வாடை வந்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடு உட்கார்ந்திருப்பது எப்படி என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

இவ்வளவு இழுபட்ட தோல் தன்னால் சுருங்காது. உடற்பயிற்சி தசையை வளர்க்கும், தோலை வெட்டாது. கிறீம், எண்ணெய், அதிரும் பெல்ட் என்று தொலைபேசிக்குள் விற்பதற்குக் கொடுக்கும் காசைச் சீட்டில் போடுங்கள். நான் மூன்று கிறீம் வாங்கினேன், மூன்றின் பற்றுச்சீட்டும் கொப்பியில் இருக்கிறது, பார்க்கும்போது கோபம் வருகிறது.

செய்ய வேண்டியது இது. சத்திரசிகிச்சை முடிந்து 12 முதல் 18 மாதம் ஆக வேண்டும், அதோடு எடை ஏறாமல் இறங்காமல் ஆறு மாதமளவு நின்றிருக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் இன்னும் பத்துக் கிலோ குறைந்து மறுபடி தொங்கும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடியுங்கள் (ஸ்லீவ் செய்து ஒன்றரை வருடத்துக்குள் கர்ப்பம் வேண்டாம் என்பதும் சேர்த்து), வயிற்றுத் தோலை வெட்டிவிட்டுப் பிறகு வயிறு பெருத்தால் கட்டிய காசு வீண்.

அந்த மடிப்பில் புண் வந்த முதல் நாளிலிருந்தே அதைப் பதிவு செய்யுங்கள். வெட்கத்தை விட்டுவிட்டுத் தோல் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள், பூஞ்சைக் கிறீம் தருவார்கள், சுகமாகும், திரும்ப வரும், திரும்பப் போங்கள். ஒவ்வொரு தடவையும் கிளினிக் கொப்பியில் ஏறட்டும், வீட்டில் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். மூன்று நான்கு மாதம் மருந்து போட்டும் புண் திரும்புகிறது என்று எழுத்தில் இருந்தால், இது அழகுக்கு இல்லை, சுகத்துக்கு என்று காப்புறுதிக்காரரிடமும் அரச டொக்டரிடமும் பேச ஒரு பிடி கிடைக்கும். நான் பதியத் தொடங்கியது கடைசி இரண்டு மாதத்தில்தான். மறுப்புக் கடிதம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெயரிலும் காசு இருக்கிறது. தொங்கும் தோலை மட்டும் வெட்டுவது பனிகுலெக்டமி. அதோடு உள்ளே தசையை இறுக்கித் தைத்து, தொப்புளையும் புது இடத்தில் வைப்பது டம்மி டக். முதலாவதை மருத்துவத் தேவை என்று வாதாடலாம், இரண்டாவதை எவரும் அழகு என்றே எழுதுவார்கள். டொக்டர் தரும் கடிதத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

அரசில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் இருக்கின்றன. நெருப்புப் பட்ட பிள்ளைகளும் விபத்தில் சிதைந்தவர்களும் அங்கே உங்களுக்கு முன்னால் நிற்பார்கள், நிற்கத்தான் வேண்டும். புண்ணும் நடக்கக் கஷ்டமும் இருந்தால் கடிதத்தோடு போய்ப் பெயர் கொடுங்கள், கூப்பிட்டால் காப்பு மிஞ்சும்.

தனியாரில் என்றால் மேலே சொன்ன அத்தனை கேள்வியும் திரும்ப, கூடவே இன்னும் சில. இறுக்கும் உள்ளாடை விலைக்குள் இருக்கிறதா? ஆறு வாரமளவு போட வேண்டும், ஒன்று தோய்க்கப் போட இன்னொன்று வேண்டும், ஆக இரண்டு. நீர் வடிக்கும் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் அதை எடுக்கக் கொழும்புக்கு வர வேண்டுமா, திருமலையில் ஒரு டொக்டர் எடுத்தால் போதுமா? தோலுக்குக் கீழே நீர் கட்டினால் ஊசியால் எடுப்பதற்கு ஒவ்வொரு தடவையும் கட்டணமா? எனக்கு மூன்று தடவை கட்டியது. முதல் தடவைக்குக் கொழும்பு போனேன், அதற்குப் பிறகுதான் இங்கேயே செய்யலாம் என்று சொன்னார்கள், முதலே கேட்டிருந்தால் ஒரு வான் காசு மிச்சம்.

வயிறு, கை, தொடை, மார்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் தியேட்டர் கட்டணமும் மயக்க மருந்தும் ஒருமுறையோடு போகும் என்று கணக்குப் பார்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மேசையில் கிடக்கும் நேரம் கூடக் கூட இரத்தம் போவதும் புண் பிரிவதும் கூடும், இரண்டு கையையும் கட்டிவைத்துக்கொண்டு வயிற்றில் தையலோடு யார் உங்களைக் குளிப்பாட்டுவது? நோகிற இடத்தை முதலில் செய்யுங்கள். போவதற்கு இரண்டு மாதம் முன் இரத்தம், புரதம், பி12 பார்த்து, குறைவாக இருந்தால் தேற்றிக்கொண்டு போங்கள், புகைப்பவர் குறைந்தது ஒரு மாதம் முன் நிறுத்த வேண்டும். தைத்த தோல் ஒட்டாமல் பிரிந்தால் மருந்து கட்டும் செலவு வாரக்கணக்கில் ஓடும். திகதியைத் தெரிவு செய்ய முடிந்தால் மார்கழி, தை மாதம் எடுங்கள். ஆனி வெக்கையில் அந்த உள்ளாடைக்குள் கிடப்பது தண்டனை.

கையெழுத்துப் போடும் சம்மதப் படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரலாம். தமிழில் விளங்கப்படுத்தும் வரை பேனாவை எடுக்காதீர்கள்.

நான் வயிற்றை மட்டும் செய்தேன். கைத் தோல் அப்படியே இருக்கிறது, சட்டையை முழங்கை வரை தைக்கிறேன், அதற்கு இனிக் காசு செலவழிக்கும் எண்ணம் இல்லை. தையலின் இரண்டு முனையிலும் சிலருக்குச் சின்ன மடிப்பு எழும்பி நிற்கும், அதைத் திருத்தப் பிறகு தனிக் கட்டணமா என்று முதலே கேட்டு எழுதி வாங்குங்கள். எனக்கு வலது பக்கம் ஒன்று நிற்கிறது. சேலைக்குள் தெரியாது, விட்டுவிட்டேன். சங்கிலி மீண்டு வந்துவிட்டது, காப்புக்கு இன்னும் ஐந்து மாத வட்டி இருக்கிறது.